திருத்தாமல் விட்டவர்கள்

இலங்கையின் தென்கரையில், காலி நகரத்துக்கு அருகே, கடலை ஒட்டி இருக்கிறது ரத்கம என்ற சிற்றூர். அங்கே பையன்களுக்குக் கிரிக்கெட் என்றால் தென்னை மரங்களுக்கு நடுவில், மணலில், டென்னிஸ் பந்தில் ஆடுவதுதான். மணலில் குத்திய பந்து எழும்பாது. எனவே மட்டையாளரின் கால் பெருவிரலைக் குறிவைத்து நேராக, வேகமாக வீச வேண்டும். அப்படி வீசிப் பழகிய ஒரு பையனின் கை, பயிற்சிப் புத்தகங்கள் சொல்வதுபோலக் காதை உரசிக்கொண்டு மேலே போகவில்லை. தோள் உயரத்தில் பக்கவாட்டாகச் சுழன்றது. பந்து எங்கிருந்து கிளம்புகிறது என்பதே எதிரே நிற்பவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன் லசித் மலிங்கா. காலியில் அவரைக் கண்டெடுத்தவர் இலங்கையின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க. கையை உயர்த்தச் சொன்னவர்கள் இருந்தார்கள். ராமநாயக்க செய்த பெரிய காரியம், அந்தக் கையை அதன் போக்கில் விட்டது. 2004இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் மலிங்கா டெஸ்ட் ஆட்டத்துக்கு அறிமுகமானார். அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்குப் போனபோது, நடுவர்களின் உடை நிறத்தோடு பந்து கலந்துவிடுகிறது என்று அந்நாட்டு மட்டையாளர்கள் முறையிட்டார்கள். 2007 உலகக் கோப்பையில் கயானா மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட். 2014இல் அவர் தலைமையில் இலங்கை இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது.

கலையிலும் விளையாட்டிலும் தனிமனிதரைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் வழக்கமாக இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வோம். யார் பேச்சையும் கேட்காமல் தன் வழியே போய் வென்ற மேதையின் கதை ஒன்று. குழுதான் பெரிது, தனி ஆள் அடங்கித்தான் போக வேண்டும் என்ற அறிவுரைக் கதை மற்றொன்று. இரண்டிலுமே ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார். புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கண்ணெதிரே பார்த்து, திருத்தும் அதிகாரம் தன் கையில் இருந்தும், இதை இப்படியே விடலாம் என்று முடிவெடுத்தவர் அவர். பயிற்சியாளராக, அணித் தலைவராக, குருவாக, கருவி செய்யும் ஆசாரியாக அவர் இருந்திருக்கிறார். தனித்தன்மையின் வரலாற்றை அவர் பக்கமிருந்தும் எழுத வேண்டும்.

அளந்து பார்த்தபோது

கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டங்களில் வேலை தேடித் தமிழகத்திலிருந்து கடல் கடந்தவர்களின் வழிவந்தவர். புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தபோது மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுவதும் நீளாதது. மணிக்கட்டோ, விரல் சுழற்பந்து வீச்சாளர்கள் யாருக்கும் இல்லாத அளவு வளைந்து கொடுத்தது. இந்த இரண்டும் சேர்ந்து பிறந்த பந்துவீச்சு அது.

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானம். நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை ஏழு முறை 'நோ பால்' என்று அறிவித்தார். எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பத்தே நாள் கழித்து, பிரிஸ்பேனில் இன்னொரு நடுவர் ராஸ் எமர்சனும் அதையே செய்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மறுபடி கை நீட்டியபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தன் ஆட்களை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை நடந்துவிட்டார். ஆட்டம் நின்றது. ரணதுங்கவின் அன்றைய நடத்தை கிரிக்கெட்டின் ஒழுங்குக்கு ஏற்றதல்ல என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் தன் நாட்டில் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரனுக்காக, சிங்களத் தலைவர் ஒருவர் உலகம் பார்க்க வழக்காடி நின்றார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. இதை வெறும் கிரிக்கெட் விவகாரமாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முரளியின் கையைக் கேமராக்களும் கணினியும் வைத்து அளந்தார்கள். 2004இல், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் அவருடைய 'தூஸ்ரா' பந்து மறுபடியும் சந்தேகத்துக்கு உள்ளானது. முழங்கையை அசையவிடாத கட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, அதே பந்துகளைக் கேமரா முன் வீசிக் காட்டினார். அப்போதைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளர் 5 டிகிரி வரைதான் முழங்கையை நீட்டலாம். வேகப்பந்து வீச்சாளருக்கு 10 டிகிரி. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் மற்ற பந்துவீச்சாளர்களையும் அளக்க ஆரம்பித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அப்பழுக்கற்ற கை என்று போற்றப்பட்டவர்கள் உட்பட, ஏறக்குறைய எல்லாருமே முழங்கையை ஓரளவு நீட்டித்தான் வீசிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். 2005 மார்ச் முதல் எல்லாருக்கும் பொதுவாக 15 டிகிரி என்ற வரம்பு வந்தது.

ஒருவரின் கை விசித்திரமாகத் தெரிந்ததால் அவரை அளந்தார்கள். அளந்தபோது, இயல்பு என்று நம்பியிருந்ததே ஒரு தோற்றம்தான் என்று தெரிந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் பேசுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். பழைய விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால் பந்து வீச ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள். 2010 ஜூலையில் காலி மைதானத்தில், டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டை எடுத்தார் முரளி. 133 டெஸ்ட் ஆட்டங்கள். அந்த எண்ணை இதுவரை யாரும் நெருங்கவில்லை.

முதுகைத் திருப்பியவர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊரின் பள்ளி மாணவர் டிக் ஃபாஸ்பரி. உயரம் தாண்டுதலில் அக்கால வழக்கம், வயிறு கீழே பார்க்கக் கம்பியின்மேல் உருண்டு கடப்பது. அது அவருக்கு வசப்படவே இல்லை. பழைய கத்தரிக்கோல் தாண்டலுக்கே திரும்பினார். 1963இல் ஒரு போட்டியின்போது, இடுப்பு கம்பியில் தட்டாமல் இருக்க உடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்தார். ஒரே மாலையில் அவருடைய சொந்த அளவு 15 சென்டிமீட்டர் கூடியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புரட்சி செய்யும் நோக்கமும் அவருக்கு இல்லை. உயரமான, ஒடிசலான தன் உடம்புக்குத் தோதான ஒரு வழியை அந்த உடம்பே கண்டுபிடித்தது.

கல்லூரியிலும் பயிற்சியாளர் பெர்னி வாக்னர் முதலில் பழைய முறையையே பழகச் சொன்னார். பிறகு ஃபாஸ்பரி தாண்டுவதைப் படம்பிடித்துப் போட்டுப் பார்த்தார். உடலுக்கும் கம்பிக்கும் இடையே தாராளமாக இடம் இருந்தது. அத்தோடு தன் பிடிவாதத்தை விட்டார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டி ஃபாஸ்பரி தங்கம் வென்றார். நான்கே ஆண்டுகள் கழித்து மியூனிக்கில் உயரம் தாண்டிய 40 பேரில் 28 பேர் முதுகைக் கம்பிக்குக் காட்டித்தான் தாண்டினார்கள்.

இந்த வெற்றிக்குப் பின்னால் இரண்டு துணைகள் உண்டு. ஒன்று மெத்தை. மணலும் மரத்தூளும் நிரப்பிய குழிகளில் முதுகும் கழுத்தும் படும்படி விழுந்தால் எழுந்து நடப்பது நிச்சயமில்லை. ஃபாஸ்பரியின் காலத்தில்தான் ரப்பர் நுரை மெத்தைகள் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்தன. மற்றொன்று விதிப் புத்தகம். ஒற்றைக் காலில் எம்ப வேண்டும் என்பதைத் தவிர, எப்படித் தாண்டுவது என்று அது எதையும் கட்டளையிடவில்லை. ஃபாஸ்பரியைப் பற்றி எதுவும் அறியாமலே கனடாவில் டெபி பிரில் என்ற சிறுமியும் இதே முறையை எட்டியிருந்தார். ஓர் உத்தி ஒருவர் பெயரில் வரலாற்றில் நின்றாலும், அதற்கான நேரம் பல இடங்களில் ஒன்றாகக் கனிந்திருக்கலாம்.

எல்லாருக்கும் விதிப் புத்தகம் இப்படி இடம் விடவில்லை. 1956இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் எராவ்ஸ்கின், தம் மக்களின் மரபான எறிதல் விளையாட்டிலிருந்து எடுத்துச் சுழன்று ஈட்டி எறிந்தார். ஈட்டி வெகுதூரம் போயிற்று. எந்தப் பக்கம் போகும் என்றுதான் தெரியவில்லை. பார்வையாளர்களின் உயிருக்கு ஆபத்து என்று தடை வந்தது. நீளம் தாண்டுதலில் நியூசிலாந்தின் டுவாரிக்கி டெலமேர் 1974இல் காற்றில் குட்டிக்கரணம் அடித்தபோதும் தடைதான். ஈட்டித் தடையில் நியாயம் இருக்கிறது. குட்டிக்கரணம் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெண்களுக்கு இந்த வாசல் இன்னும் குறுகலாகவே இருந்திருக்கிறது. பிரான்சின் கறுப்பினப் பனிச்சறுக்கு வீராங்கனை சூர்யா போனாலி ஐந்து முறை ஐரோப்பிய வாகையர், மூன்று முறை உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். அவருடைய உடல்வலுவைப் பாராட்டிய நடுவர்கள், நளினம் போதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில், காயத்தோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், பதக்கம் இல்லை என்பது உறுதியான பிறகு, தடைசெய்யப்பட்ட பின்புறக் குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். மதிப்பெண் கழிந்தது, பத்தாமிடம் கிடைத்தது. அந்தத் தடையைச் சர்வதேசக் கூட்டமைப்பு நீக்கியது 2024இல்.

ஜிம்னாஸ்டிக்ஸில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. பெரிய போட்டியில் ஓர் அசைவை முதன்முதலில் செய்து காட்டுபவரின் பெயரையே அந்த அசைவுக்கு வைத்து விதிப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். சிமோன் பைல்ஸின் பெயரில் ஐந்து அசைவுகள் இருக்கின்றன. ஆனால் 2019இல் அவர் சமநிலைக் கட்டையிலிருந்து இறங்கும் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தபோது, அதன் கடினத்துக்குப் பொருந்தாத குறைந்த மதிப்பைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் முயன்று அடிபடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஒருவரால் மட்டுமே முடிவதை, மற்றவர்களால் முடியாது என்பதற்காகக் குறைத்து மதிப்பிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாயனத்தில் ஒரு புது மத்யமம்

நம் ஊருக்கு வருவோம். நாகஸ்வரக் கலைஞர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், சாமி புறப்பாட்டில் நடந்தபடியோ நின்றபடியோ மணிக்கணக்கில் வாசிப்பதுதான் முறை என்று இருந்த காலத்தில் வந்தவர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். பட்டு ஜிப்பாவும் கோட்டும் அணிந்தார். வாய்ப்பாட்டுக்காரர்களைப்போல மேடையில் உட்கார்ந்து வாசித்தார். சுருதி பிடிக்கும் ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த கலைஞர் ஒருவர், சபையும் சமூகமும் தனக்குக் கொடுத்த இடத்தை மறுத்து, தன் வித்தைக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கிய செயல் இது. அவரது பகட்டையும் கோபத்தையும் பற்றி ஊருக்கு ஊர் கதைகள் உண்டு. அந்தக் கதைகளை ரசித்துச் சொல்பவர்கள், அந்தக் கோட்டுக்குள் இருந்த சுயமரியாதையை மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய தனித்தன்மை உடையோடு நிற்கவில்லை. சிறுவயதில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றவர் அவர். பாடகரின் நிதானத்தோடும் கமகத்தோடும் நாயனத்தைப் பேசவைக்க ஆசைப்பட்டார். அன்று புழக்கத்தில் இருந்த திமிரி நாகஸ்வரம் குட்டையானது. சுருதி உச்சத்தில் இருக்கும். திறந்தவெளியில் வெகுதூரம் கேட்பதற்கு அது தோது. அதில் சுத்த மத்யமம் என்ற சுரம் சுலபமாகப் பிடிபடாது. மூச்சையும் உதட்டையும் கொண்டு சமாளிக்க வேண்டும். கும்பகோணம் வட்டாரத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி, ராஜரத்தினத்தின் தேவையைக் கேட்டு, சுருதி தணிந்த நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் சுத்த மத்யமம் பிசகாமல் பேசும்படி கடைந்து கொடுத்தார். ஆச்சா மரத்தில் செய்யப்படும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜரத்தினத்தின் தோடியைக் கேட்டு உருகாதவர் இல்லை. அந்தத் தோடி அப்படி விரிவதற்கு இடம் செய்து கொடுத்த ஆசாரியின் உளியைப் பற்றி எத்தனை கச்சேரி விமர்சனங்கள் எழுதின?

எம். டி. ராமநாதனின் கதை வேறு மாதிரி. பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் 1923இல் பிறந்தார். சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, பிறகு அங்கேயே ஆசிரியரானார். தாழ்ந்த, கனமான குரல். மற்றவர்கள் துரிதகாலத்தில் பறந்துகொண்டிருந்தபோது, அவர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நின்று மூச்சுவிட்டார். சபையில் பொறுமை இழந்து எழுந்து போனவர்களும் உண்டு. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1984இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய ஒலிப்பதிவுகள் கைமாறிக் கைமாறி, இன்று இளம் பாடகர்கள் தேடித் தேடிக் கேட்கும் பாடகராக ஆகியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் இயற்றிய ஏராளமான கீர்த்தனைகளில் முத்திரையாக வைத்தது தன் பெயரை அல்ல. 'வரததாச' என்று குருவின் பெயரைத் தாங்கிய முத்திரை. யாரைப்போலவும் பாடாத ஒருவர், தான் முழுக்க முழுக்கக் குருவின் சொத்து என்று நம்பினார்.

அவருக்கு நேர் எதிர்ப்புறத்தில் வீணை எஸ். பாலசந்தர். எந்தக் குருவிடமும் வீணை பயிலாதவர். தானே கற்றேன் என்பதை விடாமல் சொன்னவர். பாடல்களே இல்லாத தமிழ்ப்படமாக 1954இல் 'அந்த நாள்' படத்தை இயக்கிய அதே பாலசந்தர்தான். வீணையின் தந்தியை ஓரிடத்திலேயே இழுத்துப் பல சுரங்களைப் பேசவைத்த அவரது பாணி, அவரோடு வளர்ந்து பெரும்பாலும் அவரோடே போயிற்று. குருவில் கரைந்தவரும் குருவே இல்லாதவரும் ஒரே காலத்தில், ஒரே நகரத்தில் தத்தம் குரலைக் கண்டடைந்தார்கள். எனவே மரபு தனித்தன்மையை நசுக்கும் என்றோ, மரபில்லாமல் தனித்தன்மை வராது என்றோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுத முடியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அசாத்திய உழைப்பு.

டி. கே. பட்டம்மாளின் தனித்தன்மைக்கு வேறு விலை. ராகம் தானம் பல்லவி என்பது ஆண்களின் கோட்டை என்றிருந்தபோது, அதைக் கச்சேரி மேடையில் விஸ்தாரமாகப் பாடி 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் வாங்கினார். புதிய பாணி எதையும் அவர் கொண்டுவரவில்லை. ஆண்கள் பாடிய அதே கணக்கை, அதே இலக்கண சுத்தத்தோடு பாடினார். அவர் காலத்தில் அதுவே பெரிய மீறலாக இருந்தது. 1970இல் சங்கீத கலாநிதி அவரைத் தேடி வந்தது.

பாத்திக் துணி வாங்கிக் கொடுத்த சுதந்திரம்

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் உருவானது. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தன் மாணவர்களும் சக கலைஞர்களும் படிப்பை முடித்ததும் விளம்பர நிறுவனங்களிலும் துணி ஆலைகளிலும் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. எல்லாரும் சேர்ந்து பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள், வீடுகள் கட்டினார்கள். பகலில் சில மணி நேரம் கூட்டாகக் கைவினை. மீதி நேரம் அவரவர் தூரிகை, அவரவர் உளி.

இந்த ஏற்பாட்டைத் தனிமனிதவாதம் என்பதா, கூட்டுறவு என்பதா? எல்லாரும் ஒரே பாணியில் வரையவில்லை என்பதுதான் அதன் வெற்றி. பணிக்கர் எழுத்துகளும் குறிகளும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்குப் போனார். நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். சுல்தான் அலி பழங்குடி வடிவங்களை எடுத்துக்கொண்டார். கூடி உழைத்ததால் கிடைத்த காசு, தனியாக இருக்கும் உரிமையை வாங்கிக் கொடுத்தது. தனிமனித சுதந்திரத்துக்கு வாடகை உண்டு, அரிசிச் செலவு உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டுக் காட்டிய கலை இயக்கம் இந்தியாவில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அங்கே வாழ்ந்தவர்களில் கே. ராமானுஜம் என்ற ஓவியரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சுத் தடுமாற்றமும் மனத் துயரமும் உடையவர். வெளியே கேலிக்கு ஆளானவர். கறுப்பு மையில், இழை இழையாக, மாளிகைகளும் விசித்திர விலங்குகளும் தேவதைகளும் நிறைந்த ஒரு கனவுலகத்தை வரைந்து தள்ளினார். அந்த உலகத்துக்குள் தன்னையும் வரைந்துகொண்டார். கலைப் பள்ளியின் பாடத்திட்டத்துக்குள் அவரை அடக்கியிருந்தால் அவர் தேர்ச்சி பெறாத மாணவராக வெளியேறியிருப்பார். பணிக்கர் அவர் போக்கில் வரையவிட்டார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே ராமானுஜம் இறந்துபோனார். இன்று நவீன இந்திய ஓவியத்தின் அரிய குரல்களில் ஒன்றாக அவரைப் பேசுகிறார்கள். கலைஞரைக் காப்பதற்குக் கலைச் சுதந்திரம் மட்டும் போதாது என்பதையும் அவருடைய வாழ்க்கை சொல்கிறது. அந்த இழப்பை மேதைமையின் அலங்காரமாக ஆக்கிவிடக் கூடாது.

தனிமனிதர் என்ற எண்ணமே மேற்கிலிருந்து இறக்குமதியானது, நம் பழைய கலைஞர்கள் பெயரைத் துறந்தவர்கள் என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் படித்தால் அந்தப் பொதுக்கூற்று ஆட்டம் காண்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவரவர் வந்த ஊரும், குடியமர்ந்த தெருவும், எத்தனையாவது வீடு என்பதும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயரும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஆடியவளின் பெயரைக் கல்லில் வைக்க வேண்டும் என்று ஓர் அரசுக்குத் தோன்றியிருக்கிறது.

பதினொரு பேரில் ஒருவர்

ஒருவரை அவர் போக்கில் விடுவதா, திருத்துவதா என்ற சிக்கல் அணி விளையாட்டில் இன்னும் கூடுகிறது. 1958 கால்பந்து உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் அணி, ஒரு மனோதத்துவ நிபுணரையும் கூட்டிக்கொண்டு போனது. கரிஞ்சாவும் 17 வயதுப் பெலேயும் பெரிய ஆட்டங்களுக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று அவர் கருத்துச் சொன்னார். கரிஞ்சாவின் கால்கள் பிறவியிலேயே வளைந்தவை. அந்த வளைவால்தான் அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதைத் தடுப்பாளர்களால் கணிக்க முடியவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் களம் இறங்கவில்லை. மூன்றாவது ஆட்டம் சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக. அறிவியல் முறைப் பயிற்சிக்குப் பேர்போன அணி அது. அன்று இருவரையும் இறக்கினார் பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா. பிரேசில் வென்றது, கோப்பையையும் தூக்கியது. அந்த இருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

அதே நேரம், திருத்தமே கூடாது என்று சொல்லிவிட முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன், டென்னிஸ் பந்தில், காலடியைக் குறிவைக்கும் யார்க்கர் வீசி வளர்ந்தவர். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான கையோடு அவருடைய பந்துவீச்சு சந்தேகத்துக்கு உள்ளானது. நெசவுக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவருக்கு அத்தோடு எல்லாம் முடிந்திருக்கலாம். பயிற்சியாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து அவர் கையை மாற்றியமைத்தார்கள். யார்க்கரை மட்டும் தொடவில்லை. 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் வலைப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அதற்கு முன் எந்த இந்தியருக்கும் அப்படி நடந்ததில்லை. எதைத் திருத்துவது, எதை விடுவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவருக்கு வாய்த்தார்கள்.

ஜஸ்பிரீத் பும்ராவின் வீச்சும் சூழலிலிருந்து பிறந்ததுதான். அகமதாபாத் வீட்டில் மதியத் தூக்கத்திலிருக்கும் அம்மா எழுந்துவிடாமல் இருக்க, சுவரும் தரையும் சேரும் மூலையில் பந்து படும்படி வீசிப் பழகினார். அங்கே பட்டால் சத்தம் குறைவு. குறுகிய ஓட்டம், விறைத்த கை, வழக்கத்துக்கு மாறான முழங்கை. 2013இல் அவரை மும்பை இந்தியன்ஸ் அணிக்குப் பிடித்துக்கொடுத்தவர் ஜான் ரைட். அந்த அணியில் ஏற்கெனவே மலிங்கா இருந்தார் என்பது பெரிய கொடுப்பினை. தன் கையைப் பார்த்துச் சிரிக்காத ஒரு மூத்தவர் பக்கத்திலேயே இருந்தார்.

வருண் சக்கரவர்த்தி சென்னையில் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர். பள்ளியில் விக்கெட் கீப்பர். இருபதுகளின் நடுவில், டென்னிஸ் பந்து ஆட்டங்களின் வழியே திரும்பி வந்து, விரல்களின் விந்தையால் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பெயரெடுத்தார். 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் சோபிக்காமல் அணியிலிருந்து விலக்கப்பட்டார். பந்து சுழலும் விதத்தையே மாற்றிக்கொண்டு மீண்டு வந்து, 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். வயதுவாரியான அணிகளின் ஏணியில் படிப்படியாக ஏறியிருந்தால் அவர் எங்கோ ஒரு படியில் கழிக்கப்பட்டிருப்பார்.

இன்று ஒவ்வொரு நகரத்திலும் கிரிக்கெட் அகாடமிகள் இருக்கின்றன. பத்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் மெதுவாக ஓடும் வீடியோவில் மாதிரி வீச்சைக் காட்டி, தோள் இங்கே, இடுப்பு அங்கே என்று சரிசெய்கிறார்கள். காயத்தைத் தவிர்க்க அதில் ஒரு பகுதி தேவைதான். முதுகெலும்பு முறிந்து போன இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் எத்தனையோ பேர். மீதிப் பகுதி, பயிற்சியாளரின் கண்ணுக்குப் பழகிய அழகு. சங்கீதப் போட்டி மேடைகளிலும் இதே நிலைதான். ஒரே ஒலிப்பதிவைக் கேட்டு வளர்ந்த பத்துக் குழந்தைகள் ஒரே பிருகாவை ஒரே இடத்தில் போட்டுப் பரிசு வாங்குகிறார்கள்.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில், சந்தேகத்துக்குரிய பந்துவீச்சைச் சோதிக்க சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள கருவிகள் முழங்கை 15 டிகிரியைத் தாண்டியதா என்பதை மட்டும் சொல்லும். வீச்சு புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா, பார்க்க நன்றாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அவற்றிடம் இடமில்லை. ஆனால் மாவட்டத் தேர்வுக்கு வந்து வரிசையில் நிற்கும் 14 வயதுப் பிள்ளைகளை யாரும் அந்த ஆய்வகத்துக்கு அழைத்துப் போவதில்லை. ஆளுக்கு ஒன்றிரண்டு ஓவர் தருகிறார்கள். வலைக்குப் பின்னால் நிற்கும் தேர்வாளர் பார்த்துவிட்டுப் பெயரை எழுதுகிறார், அல்லது அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.